தூங்க நேரம் இருந்த இளவரசிகள்

அந்தக் காலத்து இளவரசிகளுக்குத் தூங்க நேரம் இருந்தது. இன்றைய இளவரசிக்கு அது வாய்க்கவில்லை. கடலைக் கடக்க வேண்டும், தீவைக் காப்பாற்ற வேண்டும், முன்னோர் செய்துவைத்த தப்பையெல்லாம் சரிசெய்ய வேண்டும், நடுவில் ஒரு பாட்டும் பாட வேண்டும். இவ்வளவுக்கும் முடி கலையக் கூடாது. இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். நானும் கைதட்டி வரவேற்றவள்தான். ஆனாலும் அலுவலகம் முடிந்து, இரவுச் சமையலும் முடிந்து, டிஸ்னியின் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ கண்ணில் பட்டால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1959இல் வந்த படம். 75 நிமிடப் படத்தில் கதாநாயகி அரோரா திரையில் தென்படுவது சுமார் 18 நிமிடம். ராட்டைக் கதிரில் விரலை வைத்த பிறகு, படம் முடியும்வரை அவள் வாயைத் திறப்பதில்லை. முள்வேலியை வெட்டுவது, டிராகனைக் கொல்வது, மாடிப்படி ஏறி வந்து முத்தமிடுவது எல்லாம் இளவரசன் பொறுப்பு. இவள் எழுகிறாள், கீழே இறங்கி வருகிறாள், ஆடுகிறாள். கடைசியில் தேவதைகளுக்குள் வரும் தகராறுகூட அவளைப் பற்றியது இல்லை. கவுன் நீலமா, ரோஸா என்பதைப் பற்றியது. இத்தனைக்கும் அவளுக்கு நியாயமாகச் சேர வேண்டிய தூக்கம் இன்னும் அதிகம். 1697இல் இதே கதையை எழுதிய பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெர்ரோ, இளவரசிக்கு முழுசாக 100 வருடம் கொடுத்திருந்தார். டிஸ்னி அதை ஒரே ராத்திரியாகக் குறைத்துவிட்டார். விடுப்பு விஷயத்தில் அமெரிக்க முதலாளிகள் எப்போதுமே கறார்.

இந்த டிஸ்னி இளவரசிகளை நான் முதலில் சந்தித்தது திருச்சியில், எண்பதுகளின் கடைசியில், பெரியப்பா வீட்டுக் கூடத்தில். கோடை விடுமுறையில் ஒருநாள் வீடியோ டெக் வாடகைக்கு வரும். ரஜினி படம் ஒன்று, பெரியம்மாவுக்கு ஒரு சாமி படம், காலையில் டெக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன். அப்படி வந்தவள்தான் சிண்ட்ரெல்லா. காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். அவள் கவுன் என்ன நிறம் என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கில வசனம் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சித்தி கொடுமையைத் தமிழ்ப் படங்களிலேயே வேண்டிய மட்டும் பார்த்திருந்தோம்.

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே பார்த்த பெரியம்மாவுக்கு சிண்ட்ரெல்லாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. “விடியறதுக்குள்ள எழுந்திரிக்கிறா, வீட்டைக் கூட்டுறா, ஒரு முனகல் இல்ல. ஆட்டம் பாட்டம்னு போனாலும் பன்னெண்டு மணிக்கு டான்னு வீடு வந்து சேர்ந்துட்டா பாரு. அதாண்டி பொண்ணு.” இது எங்களைப் பார்த்துச் சொன்னது.

நாங்கள் அந்தப் பன்னிரண்டு மணியை வேறு மாதிரி கேட்டோம். 1981இலேயே அமெரிக்காவில் கோலெட் டௌலிங் என்பவர் ‘தி சிண்ட்ரெல்லா காம்ப்ளெக்ஸ்’ என்று ஒரு புத்தகம் போட்டிருந்தார். பெண்கள் உள்ளுக்குள் சுதந்திரத்துக்குப் பயப்படுகிறார்கள், யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. உறையூரில் எங்கள் தெருவுக்கு அந்தப் புத்தகம் வந்து சேரவில்லை. எங்களுக்கு விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று சட்டம். இவளுக்கோ நடுராத்திரி வரை அனுமதி. தனியாக வண்டி ஏறிப் போகிறாள், முன்பின் தெரியாத ஒருவனோடு ஆடுகிறாள், பெயர் ஊர் எதுவும் சொல்லாமல் திரும்புகிறாள். ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்ததற்கு ஒருத்தரிடமும் திட்டு வாங்கவில்லை. சுதந்திரத்துக்குப் பயந்தவளாக எங்கள் கண்ணுக்கு அவள் தெரியவே இல்லை.

அதுவரை நாங்கள் அறிந்த இளவரசிகள் அம்புலிமாமாவில் வருகிறவர்கள். பாதி ராஜ்யத்தோடு இலவச இணைப்பாகக் கொடுக்கப்படுகிறவர்கள். இந்த மூவரில் இளவரசி யாருக்குச் சேர வேண்டும், தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை சுக்குநூறாகிவிடும் என்று வேதாளம் மிரட்டும். விக்கிரமாதித்தன் நியாயம், தர்மம் எல்லாம் அலசிப் பதில் சொல்வான். “இரு, அவளையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்” என்று மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

சிண்ட்ரெல்லாவின் இளவரசனும் அப்படியொன்றும் உசத்தி இல்லை. படத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது, பேச்சும் சொற்பம். தன்னோடு ஆடியவளின் முகத்தை விட்டுவிட்டு, செருப்பு யார் காலுக்குப் பொருந்துகிறதோ அவளைத்தான் கட்டுவேன் என்கிறவன். கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில், அந்தச் செருப்புக்குள் நுழைவதற்காக அக்காமாரில் ஒருத்தி கால் விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். 1950ஆம் ஆண்டுப் படத்தில் அந்த ரத்தமெல்லாம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹீல்ஸ் போட்டுக்கொண்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிய காலத்தில், கிரிம் சகோதரர்களே விஷயம் தெரிந்தவர்கள் என்று எனக்குப் பட்டது.

இந்த வரிசையில் மூத்தவள் ஸ்னோ ஒயிட். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் முதல் காட்சி. அழகுப் போட்டிக்கு நடுவர் ஒரு கண்ணாடி, போட்டியாளர்கள் சித்தியும் மகளும், பரிசு உயிர். காட்டில் ஆளில்லாத வீட்டைக் கண்டதும் அந்தப் பெண் செய்கிற முதல் காரியம் அதைப் பெருக்கித் துடைப்பது. திரைக்குப் பின்னாலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். கோட்டோவியங்களைச் செல்லுலாய்டு தாளில் மையிட்டு நகலெடுத்து, ஒவ்வொன்றாக நிறம் தீட்டும் கூடம் நிறையப் பெண்கள். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு 1938இல் ஸ்டுடியோவிலிருந்து போன பதில் கடிதம் இன்றும் பிரசித்தம்: படைப்பு சார்ந்த வேலையை முழுக்க இளைஞர்கள்தான் செய்கிறார்கள், பெண்களுக்கு அதில் இடமில்லை. ஸ்னோ ஒயிட்டுக்குக் குரல் கொடுத்த ஏட்ரியானா கேசலாட்டியின் பெயர்கூடப் படத்தில் போடப்படவில்லை.

பிறகு 1989இல் ஏரியல் வந்தாள். எனக்கு வந்து சேர்ந்தது சில வருடம் தள்ளி, கல்லூரி விடுதியின் டிவி அறையில். பதினாறு வயது; அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாள்! அறையில் ஒரு நிமிடம் மூச்சு நின்றது. விடுதியில் யாருமே அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை, மணியார்டர் நின்றுவிடும். கடல் கன்னி, ஓர் ஆணைத் தூரத்திலிருந்து பார்த்த மயக்கத்தில், கால் வேண்டும் என்று தன் குரலைக் கொடுத்துவிடுகிறாள். குரல் போனால் என்ன, உடம்பும் முகமும் இருக்கிறதே என்று சமாதானம் சொல்கிறவள் வில்லி. படம் அவளைக் கெட்டவள் என்கிறது. ஆனால் கதை அவள் சொன்ன வழியில்தான் போகிறது. பேச்சில்லாதவளிடம் இளவரசன் மயங்கிக்கொண்டுதான் இருக்கிறான். 1837இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய மூலக் கதையில் அவள் நாக்கே அறுக்கப்படுகிறது, ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல வலிக்கிறது, கடைசியில் அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். டிஸ்னி தாலி கட்டி அனுப்பிவைத்தது. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த என் அறைத்தோழிக்கு அது பிடிக்கவில்லை. “இவ குடுத்த விலைக்கு ஒரு ஆம்பளை மட்டும்தானா?” என்றாள். அந்த வருடமே அவளுக்கும் நிச்சயமாயிற்று.

தைரியசாலி இளவரசிகளின் காலம் இப்படித்தான் தொடங்கியது. இதிலிருக்கும் வேடிக்கையை ரொம்பக் காலம் கழித்துக் கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். படத்துக்குப் படம் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்ற கணக்கு அது. 2016இல் பத்திரிகைகளில் பரவலாக வந்தது. அடக்க ஒடுக்கமான ஸ்னோ ஒயிட் படத்தில் ஆணும் பெண்ணும் ஆளுக்குப் பாதி. ‘சிண்ட்ரெல்லா’வில் பெண்கள் பேச்சு 60 சதவீதம். நாயகி தூங்கிப்போகிற படத்தில் 71! தேவதைகளும் மந்திரக்காரியுமாக, வயதில் மூத்த பெண்கள் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். துணிச்சல்காரி ஏரியல் படத்தில் அது 32 சதவீதமாக இறங்குகிறது. புத்தகப்புழு பெல் படத்தில் 29. நான் என்ன பரிசுப் பொருளா என்று சீறுகிற ஜாஸ்மின் இருக்கும் ‘அலாதீன்’ படத்தில் 10.

கணக்கைப் பார்த்த பிறகு படங்களைத் திரும்ப ஓட்டினால் காரணம் பளிச்சென்று தெரிகிறது. இளவரசி சுதந்திரமானவள், சரி, அவளைச் சுற்றியிருப்பவர்கள்? ஏரியலுக்குத் துணை வரும் நண்டு ஆண், மீன் ஆண், கடற்பறவை ஆண். ஜாஸ்மினைச் சுற்றி பூதம், கிளி, குரங்கு எல்லாம் ஆண். பெல் போய்ச் சேரும் மாளிகையில் கடிகாரமும் மெழுகுவர்த்தியும் ஆண். முக்கியமான பெண் பாத்திரம் என்றால் அது டீ ஊற்றும் கெட்டில். பெண்ணுக்கு விடுதலை கொடுத்தார்கள். பேசிப் பழகப் பெண் துணைதான் கொடுக்கவில்லை.

பெல்லின் படத்துக்குத் திரைக்கதை எழுதியது லிண்டா உல்வர்ட்டன். டிஸ்னியின் முழுநீள கார்ட்டூன் படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிய முதல் பெண். வருடம் 1991 என்பதைக் கவனிக்கவும். பெல், தான் போக ஆசைப்படும் ஊர்களை வரைபடத்தில் ஊசி குத்திக் குறித்துக்கொண்டிருப்பதாக அவர் ஒரு காட்சி எழுதிக் கொடுத்தாராம். ஸ்டோரிபோர்டில் அது திரும்பி வந்தபோது, பெல் சமையலறையில் நின்று கேக் அலங்கரித்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டு, கடைசியில் கேக்கும் இல்லாமல் வரைபடமும் இல்லாமல், நடந்துகொண்டே புத்தகம் வாசிக்கும் பெண்ணாக ஒரு சமரசம் ஆயிற்று. நாங்கள் கொண்டாடிய பெல் அந்தச் சமரசம்தான். அவளை அடைத்துவைத்திருந்த மிருகம், ஒருநாள் கூரை தொடும் அலமாரிகளோடு ஒரு நூலகத்தைத் திறந்து உனக்கே உனக்கு என்கிறது. எங்கள் செட்டில் ஒருத்திகூட மாப்பிள்ளையின் கொம்பைக் கவனிக்கவில்லை.

என் மகள் 1999இல் பிறந்தாள். இளவரசிகள் அத்தனை பேரும் ஒரே பெட்டியில் வந்தது அவள் காலத்தில். நைக்கியிலிருந்து டிஸ்னிக்குப் போன ஆண்டி மூனி என்ற அதிகாரி, ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் போனாராம். வரிசையில் நின்ற சிறுமிகள் வீட்டில் தைத்த இளவரசி கவுனோடு வந்திருந்தார்கள். அம்மாமார் தையல் மிஷினில் கஷ்டப்பட்டுச் செய்வதைத் தொழிற்சாலையே செய்து கொடுக்கலாமே! அப்படிப் பிறந்தது ‘டிஸ்னி பிரின்சஸ்’ என்ற சரக்கு. 2001இல் 30 கோடி டாலர் விற்பனை. 2006இல் 300 கோடி. அந்த வருடக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் பெக்கி ஓரன்ஸ்டைன் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரே படத்தில் நிற்கும் இளவரசிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது என்றொரு விதி இருப்பதை நான் அதில்தான் அறிந்தேன். ஒவ்வொருத்தியின் உலகமும் தனியாம். உடனே மகளின் பென்சில் பாக்ஸை எடுத்துப் பார்த்தேன். மூடிமேல், சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அக்கா தங்கைகள் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலானும் அதில் சேர்த்தி. அவள் இளவரசியும் இல்லை, இளவரசனைக் கட்டியவளும் இல்லை. ஆண் வேடத்தில் போருக்குப் போனவள். பென்சில் பாக்ஸில் கவசத்தைக் காணோம். பெண் பார்க்கும் சடங்குக்காக அவளைப் படாதபாடு படுத்திச் சுற்றிவிட்டார்களே, அந்தப் பட்டில் நின்றாள்.

இந்த வரிசையில் எனக்குப் பிரியமானவள் மெரிடா. 2012இல் வந்த ‘பிரேவ்’ படத்தின் ஸ்காட்லாந்துக்காரி. வில் பிடிக்கிறாள், கல்யாணம் வேண்டாம் என்கிறாள், கதை முழுக்க அம்மாவோடுதான் மல்லுக்கட்டு. அடங்காத சிவப்புச் சுருட்டை முடி. அதற்காக 1,500 சுருள்களைத் தனித்தனியாக வடிவமைத்து, அவை அசைவதற்கென்று பிக்சார் புது மென்பொருளே எழுதியது. தன் மகளோடு தனக்கிருந்த உறவிலிருந்து இந்தக் கதையைக் கண்டெடுத்தவர் பிரெண்டா சாப்மன். பிக்சார் படத்துக்கு இயக்குநராக அமர்த்தப்பட்ட முதல் பெண். பாதியில் அவரை மாற்றிவிட்டு வேறொருவரைப் போட்டார்கள். ஆஸ்கர் வந்தபோது மேடையேறி வாங்கியவர்களில் அவரும் இருந்தார்.

2013இல் மெரிடாவுக்கு அதிகாரபூர்வமாக முடிசூட்டு விழா. விழாவுக்காக வரைந்த படத்தில் இடுப்பு சுருங்கியிருந்தது, கழுத்து இறங்கியிருந்தது, முடி படிந்திருந்தது, கண்ணில் மை ஏறியிருந்தது. கையில் வில் இல்லை. சாப்மனே வெகுண்டு பேசினார். இணையத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அதில் ஒரு கையெழுத்து என் மகளுடையது, என் மின்னஞ்சலிலிருந்து போட்டது. “அம்மா, முடியைப் போயி சரி பண்ணியிருக்காங்க பாரு, அசிங்கமா இருக்கு” என்று குமுறினாள். நிறுவனம் தன் தளத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டு, பழைய மெரிடாவைப் போட்டது. வீட்டில் வெற்றிக் கொண்டாட்டம். அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது மகள் தன் சுருட்டை முடியை அயர்ன் போட்டு நீட்டிக்கொண்டு வந்தாள். பார்லரில் அரை நாள். பந்தியில் எல்லோரும் “எவ்ளோ அழகா இருக்கு” என்றார்கள். நான் மெரிடாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதே மொழியியலாளர்கள் பாராட்டுகளையும் எண்ணியிருக்கிறார்கள். பழைய படங்களில் பெண்களுக்குக் கிடைக்கும் பாராட்டில் 55 சதவீதம் தோற்றத்துக்கு. புதிய படங்களில் அது 22. திறமைக்குத்தான் இப்போது அதிகம், 40 சதவீதம். ஆக, அழகாக இருக்கிறாய் என்று வாயால் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். வரைகிற கைக்கு மட்டும் இந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

எல்சாவைப் பாருங்கள். 2013இல் வந்த ‘ஃப்ரோசன்’ படத்தை இயக்கிய இருவரில் ஒருவர் ஜெனிஃபர் லீ; டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோவின் முழுநீளப் படத்தை இயக்கிய முதல் பெண். எல்சாவுக்குக் காதலன் கிடையாது. பார்த்த அன்றே கல்யாணம் என்று குதிக்கும் தங்கை அன்னாவைப் படமே கிண்டல் செய்கிறது. அந்த அழகான இளவரசன்தான் வில்லன். உயிரைக் காப்பாற்றுவது அக்கா தங்கை பாசம். இதையெல்லாம் ஆசை தீர ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரைவிட்டு, ராணிப் பட்டத்தைவிட்டு, ஆளரவம் இல்லாத பனிமலைக்கு ஓடிய எல்சா சுதந்திரம் கிடைத்ததும் என்ன செய்கிறாள்? மாளிகை கட்டுகிறாள், பின்னலை அவிழ்த்துவிடுகிறாள், தொடைவரை பிளவு வைத்த மினுமினுப்பு கவுனுக்கு மாறுகிறாள், பனிக்கட்டியில் ஹீல்ஸ் போட்டு நடக்கிறாள். யார் பார்க்க? கண் ஒவ்வொன்றும் மணிக்கட்டைவிட அகலம். இரண்டு நாயகிகள் இருந்தும் ஆண்கள் பேச்சு 59 சதவீதம். அடுத்த வருடம் வட அமெரிக்காவில் 30 லட்சம் ஃப்ரோசன் கவுன்கள் விற்றன.

அந்தக் கவுனின் தூரத்துச் சொந்தம் ஒன்று திருச்சிக்கும் வந்தது. என் தம்பி மகளுக்குப் பிறந்தநாள் கத்திரி வெயிலில் வரும். ஸ்ருதி ஹாசன் குரலில் தமிழ் பேசும் இரண்டாம் பாகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. எல்சாவை எங்கள் ஊர்க்காரி என்றே நினைக்கிறாள். பாலியஸ்டர் கவுன், முழங்கைக்குக் கீழே வரை வலை, தரை கூட்டும் மேலங்கி, முதுகில் ஒட்டுப்பட்டி, இவையெல்லாம் போதாதென்று பொன்னிறச் சவுரி. மெழுகுவர்த்தி ஊதுவதற்குள் வலை உரசிக் கழுத்தும் அக்குளும் சிவந்துவிட்டன. மினுக்குத் துகள் பாயசம்வரை போயிற்று. நீல கிரீம் கேக்கைத் தின்ற கூட்டம் முழுக்க நீல நாக்கோடு திரிந்தது. குழந்தை நேராக என்னிடம் வந்து முதுகைக் காட்டி நின்றாள். “எல்சாவுக்குத்தான் குளிராது அத்தை. எனக்கு வேர்க்குதே.” ஒட்டுப்பட்டியைப் பிரித்துவிட்டேன். மீதிப் பிறந்தநாளை ஷிம்மியும் கிரீடமுமாகக் கொண்டாடினாள். மொட்டை மாடியில் பையன்களை வரிசையாக நிற்கவைத்துப் பனியாக உறைந்துபோகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர்களும் உறைந்தார்கள்.

இந்த விளையாட்டெல்லாம் பிள்ளைகளை என்ன செய்யும் என்று பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா காய்ன் ஆராய்ந்தார். இளவரசி மோகம் கூடினால் பெண்பிள்ளை இப்படித்தான் என்கிற வார்ப்பும் கூடுகிறது என்று 2016இல் முடிவு வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது பலமுறை சுற்றியது. அதே பிள்ளைகளைச் சில வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். சின்ன வயதில் இளவரசி பைத்தியமாக இருந்தவர்களிடம்தான் ஆண் பெண் சமத்துவம் பற்றிய எண்ணம் மேலாக இருந்தது என்று 2021இல் அவரே எழுதினார். அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

2016இல் மோவானா வந்து, நான் இளவரசியே இல்லை, தலைவரின் மகள் என்று திருத்தம் சொன்னாள். கழுத்தில் மாலை போட ஒருவனும் வரவில்லை. படகு ஓட்டினாள், அரைக் கடவுளுக்குப் பாடம் எடுத்தாள். அவளையும் இளவரசி வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். 2018இல் ‘ரால்ஃப் பிரேக்ஸ் தி இன்டர்நெட்’ படத்தில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். முதல் தடவையாக அக்கா தங்கைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். ஆண்பிள்ளை வந்து காப்பாற்றுவதைப் பற்றித் தங்களையே கேலி செய்துகொண்டார்கள். பிறகு கவுன்களையெல்லாம் கழற்றி வீசிவிட்டு, டீ ஷர்ட்டும் தொளதொளப் பேன்ட்டுமாகச் சாய்ந்தார்கள். தியேட்டரில் பக்கத்தில் இருந்த மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எண்பது வருடத்துக்குப் பிறகு ஒரு வழியாக இடுப்பை விட்டுவிட்டார்களே என்று எனக்கும் தொண்டை அடைத்தது.

அந்தத் தொளதொள உடையிலும் பொம்மை வந்துவிட்டது. டீ ஷர்ட் போட்ட இளவரசிகள், தனித்தனிப் பெட்டியில், தனித்தனி விலையில். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். “அம்மா, குட்டிக்கு வாங்குறதுன்னா இதை வாங்கு. இதுலயாச்சும் மூச்சு விட முடியும்.” தம்பி மகள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கவுன் எங்க அத்தை?” என்று கேட்டாள். அது தனியாக விற்பனைக்கு இருந்தது. ஆர்டர் போட்டேன்.